பாதியில் விட்டுப் போகிற பிள்ளைக்கு ஒரு பாடம்

மலையகத்தில் போகவந்தலாவைப் பக்கம் தரம் 10, 11 பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கும் ஓர் இளம் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பாடசாலைக்கு மூடில் என்ற இணையவழிக் கற்றல் தளம் ஒன்று அமைத்துத் தந்திருக்கிறார்கள். ஒரு தவணைப் பாடங்களை அதில் ஏற்ற வேண்டும். சில பிள்ளைகளிடம் சொந்த போன் இருக்கிறது. சிலருக்கு அப்பா வேலை முடிந்து வந்தால்தான் போன். சிலர் பக்கத்து வீட்டுக் காம்பிராவில் இரவல் வாங்குகிறார்கள். எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி நெகிழ்வாகச் செய்யுங்கள், ஒவ்வொரு பாடத்தையும் வீடியோ, ஓடியோ, பிடிஎஃப், வினாவிடை என்று நாலு விதமாகப் போடுங்கள் என்கிறார்கள். நான் ஒருவன்தான். எங்கே தொடங்குவது?"

தம்பி, நாலு விதம் வேண்டாம். ஒரே விதம் போதும். அந்த ஒன்றை, பிள்ளை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அடுத்த நாள் அதே இடத்தில் பிடித்துக்கொண்டு போகிற மாதிரிச் செய்யுங்கள். நெகிழ்வான பாடம் என்று நான் சொல்வது இதைத்தான். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடத்தில் நான் செய்த பிழைகளை நீங்களும் செய்ய வேண்டியதில்லை என்பதற்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2020 மார்ச் நடுவில் பாடசாலைகளை மூடியபோது நான் அட்டன் பக்கத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எல்லாரையும் போல நானும் வகுப்பில் பேசுவதை அப்படியே வீடியோவாக எடுத்தேன். ஒரு பாடவேளை 40 நிமிடம், அதனால் வீடியோவும் 40 நிமிடம். இரண்டு வாரம் கழித்துத்தான் கணக்குப் பார்த்தேன். விநாடிக்கு ஒரு மெகாபிட் என்ற சுமாரான தரத்தில் எடுத்தாலும் ஒரு நிமிடத்துக்கு 7.5 எம்பி போகும். 40 நிமிடத்துக்கு 300 எம்பி. ஒரு பாடத்துக்கே அவ்வளவு. வாரத்துக்கு மூன்று பாடம். ரிலோட் போடுகிற காசில் அந்த வீட்டில் என்னென்ன வாங்கலாம் என்று யோசித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது.

டேட்டா கூட இரண்டாவது பிரச்சினைதான். என் வகுப்பில் ஒரு பிள்ளை. அம்மா கொழுந்து எடுக்கப் போகிறவர், அப்பா கொழும்பில் கடையில் வேலை. போன் அண்ணனுடையது. அண்ணன் குளித்துச் சாப்பிட்டு முடிக்கிற நேரம்தான் அவளுக்குக் கிடைக்கும், பதினைந்து இருபது நிமிடம். அதற்குள் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், நின்றால் சிக்னல் வராது, தோட்டத்து வரிசை வீடான லயனுக்கு மேலே கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும். அவள் எனக்கு அனுப்பிய குரல் செய்தி இன்னும் நினைவில் இருக்கிறது: "டீச்சர், வீடியோவில 12 நிமிசம் பார்த்தேன். பிறகு அண்ணா போனை எடுத்துட்டார். இன்னைக்குத் திரும்பப் போட்டா முதல்ல இருந்து வருது. எந்த இடத்துல விட்டேன்னு தெரியல." எந்த இடத்தில் விட்டாள் என்பது எனக்கும் தெரியவில்லை, ஏனென்றால் என் வீடியோவில் இடங்களே இல்லை. ஒரே நீளமான பேச்சு.

அதற்குப் பிறகு நான் பாடத்தைத் திட்டமிடுகிற முறையே மாறிவிட்டது. இன்று உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது, பிள்ளை எந்தெந்த இடத்தில் போனைக் கொடுத்துவிட்டு எழும்பக்கூடும் என்பதை. அந்த இடங்களில்தான் பாடத்தை வெட்டுகிறேன்.

நீங்கள் புவியியல் என்பதால் உங்களுக்குப் பழக்கமான ஒரு பாடத்தையே எடுத்துக் காட்டுகிறேன்: மண்சரிவு. நம் பிள்ளைகளுக்கு இது புத்தகத்துப் பாடம் மட்டும் இல்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் போனதை வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டே வளர்ந்திருப்பார்கள். அதனால் கவனமாகச் செய்ய வேண்டிய பாடமும்கூட.

முன்பு இது எனக்கு 40 நிமிட வீடியோ. இப்போது ஐந்து துண்டுகள். ஒன்று, மண்சரிவு என்றால் என்ன. இரண்டு, மழையை அளப்பது எப்படி. மூன்று, மண் ஏன் பிடி விடுகிறது. நான்கு, முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள். ஐந்து, எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது. ஒவ்வொன்றும் போனில் வாசிக்க ஐந்தாறு நிமிடம், செய்து பார்க்க இன்னும் ஐந்து நிமிடம். மூன்றாவது துண்டை நான் எழுதியிருக்கும்படியே தருகிறேன்:

"இதைத் தொடங்க நீங்கள் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றுதான்: சரிவான இடத்தில் மண் கீழே வரப் பார்க்கும், உராய்வு அதைப் பிடித்து வைத்திருக்கும். வேறெந்தத் துண்டையும் படிக்காமல் இங்கே வந்திருந்தாலும் பரவாயில்லை.

ஒரு பழைய தட்டில் இரண்டு கை காய்ந்த மணலைக் குவியுங்கள். குவியலின் சரிவைப் பாருங்கள். இப்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து மறுபடி குவியுங்கள். முன்பைவிடச் செங்குத்தாக நிற்கும். இனி ஒரு கோப்பைத் தண்ணீரை மேலே மெதுவாக ஊற்றுங்கள். என்ன நடக்கிறது என்று கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். எழுதிய பிறகு கீழே வாசியுங்கள்.

கொஞ்சம் ஈரம் மணல் துணிக்கைகளை ஒன்றோடொன்று ஒட்ட வைக்கும். ஈரம் கூடி, துணிக்கைகளுக்கு நடுவே உள்ள வெளி முழுவதும் தண்ணீராக நிரம்பினால், அந்தத் தண்ணீரே துணிக்கைகளை விலக்கித் தள்ளும். உராய்வு குறையும், பாரமும் கூடும். அதனால்தான் இரண்டு மூன்று நாள் அடைமழைக்குப் பிறகு சரிவு வருகிறது.

இப்போது வெளியே போய்ப் பாருங்கள். உங்கள் லயனுக்கு மேலே ஓடும் கான் எங்கே போய் விழுகிறது? அது அடைபட்டிருந்தால் மழைத்தண்ணீர் எங்கே போகும்? ஒரு படம் வரையுங்கள்.

இந்தத் துண்டு முடிந்தது. கொப்பியில் 'மண் 3' என்று குறித்து வையுங்கள்."

அவ்வளவுதான். இதில் சில விடயங்களைக் கவனியுங்கள். முதல் பந்தி, முன்னுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறது. அதனால் இரண்டாவது துண்டைத் தவறவிட்ட பிள்ளை பயந்து ஓடிவிடாது. நடுவில் போனைக் கீழே வைத்துவிட்டுச் செய்கிற வேலை வருகிறது. அந்த நேரத்தில் அண்ணன் போனை எடுத்துக்கொண்டு போனாலும் பாடம் நிற்காது. தட்டும் மணலும் கானும் வீட்டில்தான் இருக்கின்றன. கடைசியில் கொப்பியில் ஓர் அடையாளம். எங்கே விட்டோம் என்பதைத் தளம் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, கொப்பி வைத்திருக்கும். மூடிலில் 'முடித்தாயிற்று' என்று குறிக்கும் வசதி இருக்கிறதுதான், ஆனால் அண்ணனின் போனில் இன்று, அடுத்த காம்பிரா அக்காவின் போனில் நாளை என்று படிக்கிற பிள்ளை கடவுச்சொல்லை ஒவ்வொரு முறையும் அடித்து உள்ளே போகாது. கொப்பியை நம்புங்கள்.

இது இணையத்தோடு வந்த புத்தி இல்லை. தபாலில் பாடம் அனுப்பிய காலத்திலேயே இருந்தது. 1980இல் தொடங்கிய நமது திறந்த பல்கலைக்கழகத்தின் அச்சு மொடியூல்களை யாரிடமாவது வாங்கிப் பாருங்கள். நடுவில் ஒரு செயற்பாடு, நீங்களே செய்து பார்க்கும்படி ஒரு கேள்வி, பிறகு அதற்கான விளக்கம். ஆசிரியர் பக்கத்தில் இல்லாத ஆளுக்கு எழுதுகிற கலை அது. நாம் ஒன்லைன் என்றதும் அந்தக் கலையை மறந்துவிட்டு, கமராவைப் பார்த்துப் பேசப் போய்விட்டோம்.

சரி, வீடியோவே கூடாதா? கூடும். கையால் செய்து காட்ட வேண்டிய இடத்தில் மட்டும், ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடம். மழைமானி செய்கிற துண்டில் ஒன்று வைத்திருக்கிறேன்: பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல் மாதிரி வைப்பது, அடி வளைவை மூடுமளவுக்குக் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றி அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறிப்பது. இதை எழுத்தில் சொன்னால் பாதிப் பிள்ளைகளுக்குப் புரியவில்லை. கையைக் காட்டினால் உடனே புரிகிறது. விளக்கிப் பேசுகிற இடத்துக்கு ஓடியோ போதும். 32 கிலோபிட்டில் பதிந்த பேச்சு நிமிடத்துக்கு 240 கேபிதான். ஆறு நிமிடப் பேச்சு ஒன்றரை எம்பிக்குள் முடிந்துவிடும். சமையல் செய்துகொண்டே கேட்கலாம், தங்கச்சியைத் தூக்கி வைத்துக்கொண்டும் கேட்கலாம். ஆனால் முதுகெலும்பு எழுத்தாகவே இருக்கட்டும். எழுத்தைத்தான் போட்டோக்கொப்பி எடுக்க முடியும். போனே இல்லாத பிள்ளைக்குக் கடைசியில் போய்ச் சேருவது அந்தத் தாள்தான்.

இந்த இடத்தில் உங்களிடம் நாலு விதம் கேட்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அவர்கள் சொல்வதற்கும் ஓர் அடிப்படை இருக்கிறது. அமெரிக்காவில் காஸ்ட் என்ற அமைப்பு முன்வைத்த 'எல்லோருக்குமான கற்றல் வடிவமைப்பு' என்ற கொள்கை, பிள்ளையை ஈடுபட வைப்பதற்கும், பாடத்தைக் காட்டுவதற்கும், பிள்ளை தன் கற்றலை வெளிப்படுத்துவதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழி வேண்டும் என்கிறது. நல்ல கொள்கை. ஆனால் எல்லாப் பக்கத்திலும் எல்லா வழியையும் வைக்கச் சொல்லி அது கேட்கவில்லை. ஒரு பிள்ளை எங்கே முட்டிக்கொண்டு நிற்கிறதோ அங்கே இன்னொரு வாசல் வேண்டும், அவ்வளவே. சான் பிரான்சிஸ்கோவில் பிரையன் பீட்டி என்ற பேராசிரியர் வளர்த்த, வகுப்பிலோ இணையத்திலோ மாணவர் தாமே தெரிந்து சேரும் ஹைஃப்ளெக்ஸ் முறையிலும் எனக்குப் பிடித்தது இந்த அம்சம்தான்: வகுப்பில் இருப்பவருக்கும் தூரத்தில் இருப்பவருக்கும் ஒரே அனுபவம் தேவையில்லை, சமமான பேறு கிடைத்தால் போதும். தாளில் படித்த பிள்ளைக்கும் போனில் படித்த பிள்ளைக்கும் அந்தக் கான் எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். தாளில் படித்தவள் வீடியோ பார்க்கவில்லையே என்று நான் கவலைப்படுவதில்லை.

இனி நேரம். என் பெரிய பிழை இங்கேதான் நடந்தது.

மழையை ஏழு நாள் அளந்து எழுதுகிற வேலையை முதல் முறை ஒரு பெப்ரவரி வாரத்துக்குத் திகதி போட்டு வைத்தேன். பாடத்திட்டத்தில் அந்த வாரம்தான் வந்தது. அட்டன், டிக்கோயா பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒழுங்காக அனுப்பினார்கள்: 0, 0, 0, 0, 0, 0, 0. பெப்ரவரியில் இந்தப் பக்கம் மழை எங்கே? தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் பிடித்தால்தான் நம் சரிவுகளில் மழை கொட்டும். பதுளைப் பக்கம், லுணுகலை, பசறையில் எல்லாம் வடகீழ்ப் பருவக்காற்றோடு டிசம்பர் ஜனவரியில் பெய்யும். புவியியல் படிப்பிக்கிற நானே இதை யோசிக்காமல் நாட்காட்டியைப் பார்த்துத் திகதி போட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் ஏழு நாளும் காலையில் எழும்பிப் போய்ப் போத்தலைப் பார்த்து, நேர்மையாகச் சுழியம் எழுதியிருக்கிறார்கள். அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

இப்போது அந்தச் செயற்பாட்டின் தலைப்பு 'மழை வாரம்'. "உங்கள் ஊரில் தொடர்ந்து இரண்டு நாள் மழை பெய்தால் இதைத் தொடங்குங்கள்" என்று எழுதியிருக்கிறேன். தவணைக்குள் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். அப்புறம் அளந்த எண்ணுக்கு ஓர் அர்த்தம் கொடுத்தேன். மண்சரிவு எச்சரிக்கை விடும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கச் சொல்கிறது. 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகச் சொல்கிறது, 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்கிறது. பிள்ளை தன் போத்தலில் இந்த மூன்று கோட்டையும் மார்க்கர் பேனையால் போட வேண்டும். அப்படிக் கோடு போட்ட போத்தல்கள் பாடம் முடிந்த பிறகும் சில லயன்களில் இஸ்தோப்புக்கு வெளியே நின்றன. ஆனால் ஒன்று, போத்தல் சொல்வதை மட்டும் நம்பி வீட்டுக்குள் இருந்துவிடக் கூடாது. அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்தால் போத்தலில் என்ன இருந்தாலும் கிளம்ப வேண்டும் என்பதை ஐந்தாவது துண்டில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

ஒப்படைக்கிற நேரமும் இதே கதைதான். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் தளம் இரவு 8 மணிக்குப் பூட்டிக்கொள்ளும். ஒரு பையன் 11:47க்கு அனுப்பப் பார்த்திருக்கிறான். அப்பா வந்து, சாப்பாடு முடிந்து, போன் சார்ஜ் ஏறின நேரம் அது. தளம் வாங்கவில்லை. அடுத்த வேலையை அவன் அனுப்பவே இல்லை. மூடிலில் 'உரிய திகதி' என்பது வேறு, 'மூடும் திகதி' என்பது வேறு. இரண்டாவதை அணைத்து வையுங்கள். பிந்தி வந்தாலும் வாங்கிக்கொள்ளும்.

ஆனால் திகதியே போடாமல் விடாதீர்கள். அதையும் செய்து பார்த்தேன். "எப்போது முடிகிறதோ அப்போது" என்று சொன்ன தவணையில் முதலில் காணாமல் போனவர்கள் யாருக்காக அந்தச் சலுகையைக் கொடுத்தேனோ அவர்களேதான். வீட்டில் வேலை உள்ள பிள்ளைக்கு "எப்போதாவது" என்றால் அது வரவே வராது. இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பிடிமானம் வைத்திருக்கிறேன். அன்றைக்குப் பெரும்பாலும் பெரியவர்கள் வீட்டில், போனும் வீட்டில். அன்று மாலைக்குள் ஒரே ஒரு வரி வாட்ஸ்அப்பில் வர வேண்டும்: "மண் 2 முடிந்தது", அல்லது "இந்த வாரம் முடியவில்லை". முடியவில்லை என்று சொல்வதும் பதில்தான் என்று முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் ஒரு வரியும் வராவிட்டால் நான் கூப்பிடுவேன். அந்த அழைப்புக்கு நேரம் ஒதுக்குங்கள். நாலு விதமாகச் செய்யாமல் மிச்சம் பிடித்த நேரம் இங்கேதான் போகும்.

பிள்ளை தான் கற்றதைக் காட்டுவதற்கு மூன்று வழி கொடுக்கிறேன்: எழுதி அனுப்பலாம், படம் வரைந்து போட்டோ அனுப்பலாம், குரலில் பேசி அனுப்பலாம். எந்த வழியில் வந்தாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான், தண்ணீர், சரிவு, மண் மூன்றுக்கும் உள்ள தொடர்பு அதில் வந்திருக்கிறதா என்று. ஆனால் தவணைக்கு ஒரு முறையாவது எல்லாரும் எழுதித்தான் ஆக வேண்டும். சாதாரணதரப் பரீட்சை எழுத்தில்தான் நடக்கிறது. குரலிலேயே பழகிய பிள்ளையை அந்த மண்டபத்தில் தனியாக விடுவது நியாயம் இல்லை.

கோப்பு விடயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. நம் ஆசிரியர்கள் பலர் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறோம். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார்த்தி வைத்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் வேர்ட் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத்தான் தெரியும். பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் ஒரு சொல்லைத் தேட முடியாது, வெட்டி வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது, கண் தெரியாத பிள்ளைக்குப் போன் வாசித்தும் காட்டாது. பழைய பாடக் குறிப்புகளை எல்லாம் எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு, எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடாக்குங்கள். இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு முறை வாசித்துத் திருத்துங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறிக் கிடக்கும். அலுப்பான வேலைதான், ஒரு முறை செய்தால் போதும்.

உங்களுக்கும் நெகிழ்வு வேண்டுமே. பாடத்துக்குள் "சென்ற வாரம் பார்த்தது போல", "நாளை பரீட்சை" என்று எங்கேயும் எழுதாதீர்கள். திகதி, தவணை, ஒப்படைக்கும் நாள் எல்லாவற்றையும் தனியாக ஒரே பக்கத்தில் வையுங்கள். அடுத்த வருடம் அந்த ஒரு பக்கத்தை மாற்றினால் போதும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது என் திட்டம் முழுவதும் குலைந்தது. துண்டுகளில் ஒன்றையும் தொடவில்லை, அந்த ஒரு பக்கத்தை மட்டும் மூன்று முறை மாற்றினேன். இன்னொன்று, திருத்தக்கூடிய மூலக் கோப்பையும், மற்றவர்கள் மாற்றிப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தோடு சேர்த்து வையுங்கள். பசறையில் ஓர் ஆசிரியை எடுத்துத் தன் ஊர்ப் பெயரும் மழை மாதமும் போட்டுப் பயன்படுத்தட்டும்.

உங்கள் பாடசாலைக் கணினி அறையில் இணையம் விட்டு விட்டு வருகிறது என்றால், கொலிப்ரி என்ற இலவச மென்பொருளையும் பாருங்கள். ஒரு பழைய கணினியில் பாடங்களை ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலே அறைக்குள் இருக்கும் மற்றக் கணினிகளும் போன்களும் வைஃபையில் அதைத் திறக்கும். பாடசாலைக்கு வருகிற நாளில் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகலாம். மூடிலின் போன் செயலியிலும் பாடத்தை இறக்கி வைத்துப் பிறகு இணையம் இல்லாமல் வாசிக்கலாம்.

தவணை முழுவதையும் ஒரேயடியாகத் தொடாதீர்கள். உங்களுக்கு நன்றாக வருகிற ஒரு பாடத்தை எடுத்து ஐந்து துண்டாக வெட்டி, உங்கள் போனிலேயே இறக்கிக்கொண்டு டேட்டாவை அணைத்துவிட்டு வாசியுங்கள். பாதியில் மூடிவிட்டு மறுநாள் திறந்து பாருங்கள். பிறகு அந்தப் பாடத்தை இன்னும் படிக்காத ஒரு பிள்ளையிடம் மூன்றாவது துண்டை மட்டும் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் ஒன்றும் விளக்காதீர்கள். பிள்ளை எந்த வரியில் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறதோ, அந்த வரியைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு விளக்கம் குறைகிறது, இல்லையென்றால் அங்கே இன்னொரு வெட்டு விழ வேண்டும். அந்த வரியைச் சரிசெய்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் கொடுங்கள்.